பில்லியின் கையும் பெரியப்பாவின் கன்னமும்

பேராதனையில் படிக்கிற ஆக்களுக்குக் குரங்கைப் பற்றி ஒருவரும் வகுப்பெடுக்கத் தேவையில்லை. ஜன்னலைச் சாத்தாமல் குளிக்கப் போனால் மேசையில் இருந்த பாண் போய்விடும். பாண் இல்லாவிட்டால் சவர்க்காரம் போகும். முதலாம் வருடத்தில் எங்களில் ஒருத்தியின் நோட்ஸ் கொப்பியை ஒரு தாய்க்குரங்கு கூரைக்குக் கொண்டுபோய், ஒவ்வொரு ஒற்றையாகக் கிழித்து, மணந்து பார்த்து, பிடிக்காமல் கீழே போட்டது. வயிற்றில் ஒரு குட்டி தொங்கிக்கொண்டிருந்தது. மழை ஈரத்தில் ஒற்றைகளைப் பொறுக்கியபடி, "உங்களையெல்லாம் பிடிச்சு லாப்புக்கு அனுப்போணும்" என்று நாங்கள் கத்தியது நல்ல ஞாபகம்.

இரண்டு வருடம் கழித்து மெய்யியல் பாடத்துக்குக் குழுவாக ஒரு பிரசன்டேஷன் செய்யவேண்டி வந்தது. சீட்டுக் குலுக்கியதில் எங்களுக்கு விழுந்த தலைப்பு: நரம்பியல் ஆய்வில் விலங்குகளைப் பயன்படுத்துவது சரியா? நாங்கள் நாலு பேர். விசுவமடு, மன்னார், மட்டக்களப்பு, மாத்தளை. பெயர் வேண்டாம், ஊர் போதும்.

சுகமான தலைப்பு என்றுதான் நினைத்தோம். விலங்குகள் வெறும் இயந்திரங்கள் என்று நினைத்த டேகார்ட்டுக்கு ஒரு ஸ்லைட். 1975இல் 'அனிமல் லிபரேஷன்' எழுதிய பீற்றர் சிங்கருக்கு இரண்டு ஸ்லைட். ஆதரவு ஒரு நிரல், எதிர்ப்பு ஒரு நிரல், நடுவில் ஒரு வெள்ளை முயலின் படம். கடைசியில் 'மனிதாபிமானத்துடன் அணுகவேண்டும்' என்று போட்டால் முடிந்தது. அரை நாள் வேலை.

அரை நாளில் முடியாமல் போனதற்குக் காரணம் ஒரு படம். உதாரணம் ஒன்று வேண்டுமே என்று தேடியபோது அகப்பட்டது. ஒரு குரங்கு, கதிரை மாதிரியான ஒரு சட்டத்தில், இரண்டு கையும் இரண்டு பக்கமும் விரித்துக் கட்டப்பட்டபடி நிற்கிறது. தேவாலயத்தில் சிலுவையைப் பார்த்து வளர்ந்த மன்னார்க்காரி "ஐயோ, மூடுடி" என்றாள். அந்தக் குரங்கின் பெயர் டொமிஷியன். சில்வர் ஸ்பிரிங் குரங்குகள் என்று அறியப்படும் பதினேழில் ஒன்று.

சில்வர் ஸ்பிரிங் அமெரிக்காவில், மேரிலாந்தில் உள்ள ஊர். அங்கே இருந்த ஓர் ஆய்வு நிலையத்தில் எட்வேர்ட் டௌப் என்ற உளவியலாளர் 17 மக்காக் குரங்குகளை வைத்திருந்தார். பிலிப்பைன்ஸ் காடுகளில் பிடிபட்டவை. அவர் தேடியது ஒரு பழைய கேள்விக்கான விடை. எங்கள் கையிலிருந்து மூளைக்கு உணர்வைக் கொண்டுபோகிற நரம்புகளும், மூளையிலிருந்து கைக்குக் கட்டளையைக் கொண்டுவருகிற நரம்புகளும் முண்ணாணில் வேறு வேறு வாசலால் போய்வருகின்றன. சாதாரண தரத்தில் படித்துவிட்டு மறந்த விஷயம். உணர்வு வரும் வாசலை மட்டும் வெட்டிவிட்டால் என்ன நடக்கும்? தசை பழுதில்லை, கட்டளை போகும் பாதையும் பழுதில்லை. ஆனால் கை இருப்பதே தெரியாது. 1895இலேயே மொட், ஷெரிங்டன் என்ற இரண்டு பேர் இதைக் குரங்கில் செய்து பார்த்தார்கள். அந்தக் கையைக் குரங்கு பிறகு பாவிக்கவே இல்லை. ஆகவே உணர்வில்லாமல் அசைவில்லை என்று நரம்பியல் வெகுகாலம் நம்பிக்கொண்டிருந்தது.

டௌப் அதை நம்பவில்லை. குரங்கின் நல்ல கையைக் கட்டிவைத்தார். சாப்பாட்டை எட்டவேண்டும், வேறு வழியில்லை என்ற நிலை வந்தபோது, செத்துப்போனதாக எல்லோரும் நினைத்த அந்த உணர்வற்ற கையைக் குரங்கு நீட்டியது. கையால் முடியாமல் இல்லை; முதல் நாட்களில் முயன்று முயன்று தோற்றதில், 'இது உதவாது' என்று குரங்கு படித்துவிட்டது. படித்ததை மறக்கப் பண்ணலாம். இதைக் கேட்டதும் எங்களுக்கே ஒரு கணம் பிடித்துத்தான் இருந்தது. நல்ல கண்டுபிடிப்பு என்றால் அதன் வாசனை அப்படித்தான்போலும்.

பிறகு கூண்டுகளைப் பற்றி வாசித்தோம்.

1981 மே மாதம் அலெக்ஸ் பச்சேகோ என்ற மாணவன் அந்த ஆய்வுகூடத்தில் சம்பளமில்லாமல் வேலைசெய்யக் கேட்டுப் போனான். ஏறத்தாழ எங்கள் வயதுதான். பீட்டா அமைப்பை முதல் வருடம் தொடங்கிய இருவரில் ஒருவன் என்பதைச் சொல்லவில்லை. ஏறக்குறைய ஒன்றரை அடி அகலமான கம்பிக் கூண்டுகள். அதற்குள்ளே வருடக்கணக்காக ஒவ்வொரு குரங்கு. மலம் அள்ளப்படாமல் கிடந்தது, கரப்பான் ஓடியது என்று அவன் எழுதினான். உணர்வற்ற கையைக் குரங்கு தன்னுடையது என்று எடுப்பதில்லை. ஏதோ ஒட்டிக்கொண்டிருக்கும் பொருள்போலக் கடிக்கும். விரல்களைக் கடித்துத் தின்ற குரங்குகள் அங்கே இருந்தன. பச்சேகோ இரவில் படம் எடுத்தான், வெளியிலிருந்து விஞ்ஞானிகள் சிலரை ரகசியமாகக் கூட்டிவந்து காட்டினான், பொலிசுக்குப் போனான். செப்டெம்பர் 11ஆம் திகதி பொலிஸ் உள்ளே புகுந்தது. விலங்கு வதைக்காக அமெரிக்காவில் ஓர் ஆய்வுகூடம் பொலிசால் சோதனையிடப்பட்டது அதுவே முதல் தடவை.

டௌப் பக்கத்தையும் சொல்லவேண்டும். நான் விடுமுறையில் போன நேரம் பார்த்து வேண்டுமென்றே அசுத்தமாக விட்டுவிட்டான், டொமிஷியனின் படம் சோடித்து எடுத்தது என்று அவர் கடைசிவரை சொன்னார். வழக்கில் முதலில் ஆறு குற்றங்களில் குற்றவாளியானார், காயங்களுக்கு மருத்துவம் பார்க்காததற்காக. மேன்முறையீட்டில் அது ஒன்றாகக் குறைந்து, 1983இல் அந்த ஒன்றும் போனது. காரணம் என்ன தெரியுமா? மத்திய அரசின் பணத்தில் நடக்கும் ஆய்வுக்கு மாநிலத்தின் வதைத் தடுப்புச் சட்டம் பொருந்தாதாம். குரங்குக்கு நொந்ததா இல்லையா என்பது கடைசியில் கேள்வியே இல்லை.

1985இல் சட்டத்தைத் திருத்தினார்கள். விலங்கு ஆய்வு செய்யும் நிறுவனங்களுக்குள்ளே கண்காணிப்புக் குழு வேண்டும், நோவைக் குறைக்கவேண்டும், குரங்கினங்களின் மனநலத்தையும் பார்க்கவேண்டும் என்று வந்தது. நல்லதுதான். ஆனால் கவனித்தால், அது கூண்டைப் பற்றிய சட்டம். முண்ணாணில் இறங்குகிற கத்தியைப் பற்றியதில்லை. கூண்டு சுத்தமாக இருந்திருந்தால் பச்சேகோவிடம் படமே இருந்திருக்காது, நாங்களும் வெள்ளை முயலோடு அரை நாளில் முடித்திருப்போம்.

இதற்குப் பிறகுதான் பில்லி வருகிறது. பதினேழில் ஒன்று. எஞ்சிய குரங்குகளைச் சரணாலயத்துக்குத் தா என்று ஒரு பக்கம், தரமாட்டோம் என்று அரசின் சுகாதார ஆய்வு நிறுவனம் மறுபக்கம், வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரைக்கும் போனது. வழக்கு இழுபட்ட வருடங்கள் முழுக்கக் குரங்குகள் கூண்டிலேயே கிடந்தன. சிலது நோயில் செத்தன. மிச்சத்தைக் கருணைக்கொலை செய்யப்போகிறோம், அதற்கு முன்னர் ஒரு கடைசிப் பரிசோதனை என்று ஆய்வாளர்கள் கேட்டார்கள். 1990 ஜனவரி 14ஆம் திகதி பில்லியை மயக்கி, மண்டையைத் திறந்து, மூளையில் நுண்ணிய மின்முனைகளை இறக்கினார்கள். அந்த மயக்கத்திலிருந்து பில்லி எழும்பவில்லை.

அவர்கள் பார்த்தது இது. மூளையின் மேற்பரப்பில் உடம்பின் ஒரு வரைபடம் இருக்கிறது. தொடுகையைக் கையிலிருந்து வாங்க ஓர் இடம், முகத்திலிருந்து வாங்க ஓர் இடம். மனிதரில் அந்த வரைபடத்தை கனடாவில் வில்டர் பென்ஃபீல்ட் என்ற சத்திரசிகிச்சை நிபுணர், வலிப்பு நோயாளர்கள் விழித்திருக்கையிலேயே மூளையைத் தொட்டுத் தொட்டு, 'எங்கே உணர்கிறீர்கள்' என்று கேட்டுக் கேட்டு வரைந்தார். (அவர்களால் பதில் சொல்ல முடிந்தது.) அந்தப் படத்தில் கையும் முகமும் அடுத்தடுத்த வீடு. பில்லியின் மூளையில் கைக்குரிய வீட்டுக்குப் பன்னிரண்டு வருடமாக ஒரு செய்தியும் வரவில்லை. அந்த இடம் சும்மா கிடக்கும் என்று நினைத்துக் கையைத் தொட்டால், ஒன்றுமில்லை. முகத்தைத் தொட்டால், கைக்குரிய இடம் முழுக்கத் துடித்தது. பக்கத்து வீட்டுக்காரர் வேலியைத் தள்ளி வந்து குடியிருக்கிறார். 10 முதல் 14 மில்லிமீற்றர். வளர்ந்த மூளையில் மாற்றம் ஒன்றிரண்டு மில்லிமீற்றரைத் தாண்டாது என்று படிப்பித்துக்கொண்டிருந்த காலத்தில் இது பெரிய அதிர்ச்சி. 1991இல் 'சயன்ஸ்' சஞ்சிகையில் கட்டுரை வந்தது. எழுதியவர்களில் டௌப்பும் ஒருவர்.

இந்தப் பன்னிரண்டு வருடத்தைப் பற்றி நாங்கள் நிறையக் கதைத்தோம். அப்படி நீண்ட காலம் காத்திருக்கும் பரிசோதனையை யாரும் திட்டமிடவில்லை. குரங்குகளை விடுவிக்கப் போட்ட வழக்குத்தான் அந்தக் காலத்தை உண்டாக்கியது. ஆகவே 'பார்த்தீர்களா, எவ்வளவு பயன்' என்று இன்றைக்குச் சொல்கிறவர்கள், அந்தப் பயனில் பாதியை எதிர்த்து நின்றவர்களுக்கும் எழுதவேண்டும். 1981இல் அந்தக் கூண்டுகளைப் பார்த்துக்கொண்டிருந்த ஒருவருக்கும் பில்லியின் மூளையில் இது தெரியும் என்று தெரியாது. பயன் பிந்தி வந்தது. பிந்தி வந்ததைக் கொண்டுபோய் முந்தி நடந்ததற்கு அனுமதிச் சீட்டாக ஒட்டுகிறார்கள். எங்களுக்கு இதில்தான் முதல் கோபம்.

கோபத்தோடே நிறுத்தியிருக்கலாம். நிறுத்த முடியாமல் போனது ராமச்சந்திரனால்.

வி. எஸ். ராமச்சந்திரன், சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்து, பிறகு கலிபோர்னியாவில் பேராசிரியரானவர். பில்லியின் கட்டுரையை வாசித்த உடனே அவருக்கு ஒரு யோசனை வந்ததாம். கை வெட்டுப்பட்ட மனிதனிலும் இதே நடந்திருந்தால்? குரங்கிடம் 'எங்கே உணர்ந்தாய்' என்று கேட்க முடியாது, மனிதனிடம் கேட்கலாம். விபத்தில் கையை இழந்த ஓர் இளைஞனை இருத்தி, கண்ணைக் கட்டி, ஒரு கொட்டன் பட்டால் கன்னத்தைத் தொட்டார். "கன்னத்தைத் தொடுகிறீர்கள்; இல்லாத கையின் பெருவிரலையும் தொடுகிறீர்கள்" என்றான் அவன். மின்முனை இல்லை, கத்தி இல்லை, ஒரு கொட்டன் பட். 1992இல் அவரும் 'சயன்ஸ்'இல் எழுதினார்.

இதை மட்டக்களப்புக்காரி மடிக்கணினியில் பார்த்து வாசித்துக்கொண்டு போனபோது, விசுவமடுக்காரி கட்டிலில் படுத்திருந்தவள் எழும்பி இருந்தாள். "திருப்பி வாசி" என்றாள். திருப்பி வாசித்தாள். "பெரியப்பா ஷேவ் எடுக்கேக்க" என்று தொடங்கி, பேச்சை விட்டுவிட்டாள். "என்னகா?" என்று கேட்டும் பதில் இல்லை. கொஞ்ச நேரம் கழித்து வெளியில் போய் வீட்டுக்குக் கோல் எடுத்தாள்.

அவளுடைய பெரியப்பாவுக்கு 2009 மார்ச்சில் மாத்தளனில் செல் விழுந்து இடது கை முழங்கைக்கு மேலே போனது. காலையில் ஷேவ் எடுக்கும்போது இடது கன்னத்தில் பிளேட் பட்டதும் அவர் தோளை உதறுவாராம். சின்ன வயதில் அதைப் பார்த்து இவளும் தம்பியும் சிரித்திருக்கிறார்கள். ஏன் என்று ஒருநாளும் அவர் சொன்னதில்லை.

வற்றாப்பளைப் பொங்கலுக்கு நாலு பேரும் விசுவமடுவுக்குப் போனோம். பொங்கல் ஒரு சாட்டு. கொட்டன் பட் பெட்டி ஒன்று மன்னார்க்காரியின் பையில் இருந்தது.

பெரியப்பா ஒரு சின்னக் கடை வைத்திருக்கிறார். ஒற்றைக் கையால் சீனி நிறுத்து, பையைப் பல்லால் இழுத்துக் கட்டுகிற வேகத்தைப் பார்க்கவேண்டும். நாங்கள் வந்த விஷயத்தை எப்படித் தொடங்குவது என்று தெரியாமல் இரண்டு பிளேன்டீ குடித்து முடித்தோம். கடைசியில் மன்னார்க்காரிதான் கேட்டாள். "பெரியப்பா, நாங்கள் ஒரு சின்னச் சோதினை செய்து பாக்கவோ? வேண்டாமெண்டால் வேண்டாமெண்டு சொல்லுங்கோ." என்ன, ஏது என்று முழுக்கச் சொன்னாள். அவர் சிரித்தார். "என்னை என்ன, எலியோ?" என்றார். பிறகு கதிரையில் இருந்து கண்ணை மூடினார்.

நெற்றியில் தொட்டோம். "நெத்தி." வலது கன்னம். "கன்னம்." இடது கன்னத்தில், மூக்குக்குப் பக்கத்தில் தொட்டபோது அவர் உடனே ஒன்றும் சொல்லவில்லை. "பெருவிரல்" என்றார். அப்படியே கொஞ்சம் கீழே இழுத்தோம். "இப்ப உள்ளங்கையில கோடு கீறுற மாதிரி." மேலுதட்டில் ஒன்றும் வரவில்லை. காதுக்குக் கிட்டவும் வரவில்லை. திரும்பவும் கன்னத்துக்கு வந்தபோது அவருடைய தோள் ஒருமுறை உதறியது. "காணும் பிள்ளை" என்றார். நிறுத்தினோம்.

பெரியம்மா குசினி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். பெரியப்பா கண்ணைத் திறந்து அவரைப் பார்த்து, "கேட்டனியே? எனக்கு விசரில்லை" என்றார். இவ்வளவு வருடமாக அவர் இதைப் பெரியம்மாவிடம் மட்டும்தான் சொல்லியிருக்கிறார். இல்லாத கையின் விரல்கள் இரவில் மடங்கி இறுகிக் குடைவதையும் அப்போதுதான் எங்களுக்குச் சொன்னார். டொக்டரிடம் சொன்னதில்லையா என்று கேட்டோம். "இல்லாத கை நோகுதெண்டு எப்பிடிப் போய்ச் சொல்லுறது?"

அவர் கேட்ட அடுத்த கேள்வி நாங்கள் எதிர்பார்க்காதது. இதை எப்படிக் கண்டுபிடிச்சவங்கள்? நாங்கள் ஒருவரையொருவர் பார்த்தோம். பிரசன்டேஷனுக்கு என்று பாடமாக்கியது முழுவதும் இருந்தது, ஆனால் தொடங்க வாய் வரவில்லை. கடைசியில் சொன்னோம். சில்வர் ஸ்பிரிங், கூண்டு, வெட்டிய நரம்பு, பில்லி. அவர் குறுக்கே பேசாமல் கேட்டார்.

"அதுக்குக் கை இருந்ததோ?"

"இருந்தது. ஆனால் உணர்வில்லை."

"எனக்குக் கை இல்லை, உணர்விருக்கு" என்றார். பிறகு, "காட்டில பிடிச்சதோ?" ஓம் என்றோம். ஒரு சின்னப் பிள்ளை மிட்டாய் வாங்க வந்தது. எழும்பிப் போய்விட்டார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் பெரிய சண்டை. விசுவமடுக்காரி சொன்னது இதுதான்: பதினைந்து வருடத்துக்கு மேலாக ஒரு மனிதன் தனக்கு விசர் என்று பயந்து வாழ்ந்திருக்கிறான், ஒரு கொட்டன் பட் அதைத் தீர்த்தது, அந்தக் கொட்டன் பட்டுக்குப் பின்னால் பில்லி இருக்கிறது, இனி எந்த வாயால் நான் அந்த ஆய்வு கூடாது என்று சொல்வது? மன்னார்க்காரி விடவில்லை. பெரியப்பா "காணும்" என்றதும் நாங்கள் கையை எடுத்தோம். அந்தக் குரங்குகளுக்கு அந்தச் சொல் இருக்கவில்லை, இருந்திருந்தாலும் கேட்க ஆளில்லை. ராமச்சந்திரன் பில்லி இல்லாமலே கன்னத்தைத் தொட்டுப் பார்த்திருக்க ஏலாதா? ஏலும். ஆனால் தொட்டிருப்பாரா? அதற்கு முன் எத்தனையோ போரில் எத்தனையோ ஆயிரம் பேர் கையை இழந்தார்கள். அவர்களிடம் யாரும் கன்னத்தைப் பற்றிக் கேட்கவில்லையே. குரங்கின் மூளையைத் திறந்து பார்க்கும்வரை, மனிதர் சொன்னதை மருத்துவம் நம்பவில்லை என்பதும் இதில் ஒரு கதைதான். மாங்குளம் தாண்டும்வரை ஓயவில்லை.

இன்னும் சிக்கலாக்குகிற இரண்டு விஷயங்களை விடுதிக்கு வந்த பிறகு வாசித்தோம்.

ஒன்று டௌப்பைப் பற்றியது. வழக்கால் ஆய்வுப் பணமும் வேலையும் போய்க் கிடந்தவர், பிறகு அலபாமாவில் ஒரு பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்து, குரங்கில் கண்டதை மனிதருக்குக் கொண்டுவந்தார். பாரிசவாதம் வந்து ஒரு கை சோர்ந்துபோனவரின் நல்ல கைக்குத் தடித்த உறை ஒன்றைப் போட்டுவிடுவது. விழித்திருக்கும் நேரத்தில் பெரும்பகுதி அந்த உறையோடேயே. இரண்டு கிழமை, நாளுக்குப் பல மணித்தியாலம், சோர்ந்த கையால் மட்டுமே வேலை. 2006இல் 222 நோயாளர்களுடன் நடந்த ஒரு பெரிய ஆய்வு இது பலன் தருகிறது என்று காட்டியது. இன்றைக்கு உலகம் முழுக்கச் செய்கிறார்கள். அதாவது, மருத்துவம் பார்க்காத காயங்களோடு குரங்குகளை வைத்திருந்த அதே மனிதர்தான் ஆயிரக்கணக்கானவர்களுக்கு ஒரு கோப்பையைத் தூக்கிக் குடிக்கத் திரும்பக் கொடுத்தவர். அவரை அரக்கனாக வரைந்திருந்த ஸ்லைடை அழித்தோம். தெய்வமாகவும் வரையவில்லை.

மற்றது, பில்லியின் மூளை சொன்னதாக நாங்கள் நம்பிய கதையே இப்போது ஆட்டம் கண்டிருக்கிறது. பிரித்தானியாவில் ரமர் மேக்கின் என்ற நரம்பியலாளரும் அவருடைய குழுவும், கை இழந்த மனிதரை மூளைப் படம் எடுக்கும் இயந்திரத்துக்குள் படுக்கவைத்து, இல்லாத கையின் விரல்களை அசைக்கச் சொல்லிப் பார்த்தார்கள். கையின் வரைபடம் பல வருடம் கழித்தும் அப்படியே இருந்தது. 2025இல் கை அகற்றப்படுவதற்கு முன்னும் பின்னுமாக மூன்று பேரைத் தொடர்ந்து பார்த்து வெளியிட்ட ஆய்விலும் அதே. முகம் வந்து குடியேறவில்லை; கை தன் வீட்டில்தான் இன்னும் இருக்கிறது என்பது அவர்கள் வாதம். பில்லியின் முகத்தைத் தொட்டபோது துடித்தது உண்மை, பெரியப்பாவின் பெருவிரலும் உண்மை. அதற்கு அந்த நாளில் கொடுத்த விளக்கம்தான் பிழையாக இருக்கலாம். சண்டை முடியவில்லை. எங்களைப் பிடித்தது வேறு விஷயம். இந்த முறை தகவல் கொடுத்தவர்கள் 'விரலை அசையுங்கள்' என்றால் விளங்கிக்கொள்கிற, வேண்டாம் என்றால் எழும்பிப் போகக்கூடிய ஆக்கள். அதற்காக இயந்திரம் எல்லாவற்றுக்கும் பதில் என்று சொல்ல வரவில்லை. தனித்தனி நரம்புக் கலம் பேசுவதை அந்த இயந்திரம் கேட்காது. அதைக் கேட்க இன்றைக்கும் மின்முனை வேண்டும், அநேகமாக அது ஒரு விலங்கின் தலைக்குள்தான் போகிறது.

மாத்தளைக்காரியைப் பற்றி இதுவரை சொல்லவில்லை. அவள் பெரும்பாலும் பேசாமல் இருந்தாள். 2023 ஏப்ரலில் ஒரு லட்சம் குரங்குகளைச் சீனா கேட்கிறது, மிருகக்காட்சிச்சாலைகளுக்கு என்று விவசாய அமைச்சர் அறிவித்தது எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். சீனா 2020இலேயே வனவிலங்கு வியாபாரத்தை நிறுத்தியிருந்தது. கொவிட் காலத்திலிருந்து ஆய்வுகூடங்களுக்கு உலகம் முழுக்கக் குரங்குத் தட்டுப்பாடு. ஒரு லட்சத்தை எந்த மிருகக்காட்சிச்சாலை வைத்திருக்கும், இது லாப்புக்குத்தான் என்று சூழலியலாளர்கள் கேட்டார்கள். சீனத் தூதரகம் அப்படி ஒரு கோரிக்கையே தங்களுக்குத் தெரியாது என்றது. வழக்குப் போட்ட பிறகு, அனுப்பமாட்டோம் என்று அரச தரப்பு நீதிமன்றத்துக்குச் சொன்னது. உலகத்திலேயே இந்தத் தீவில் மட்டும் இருக்கிற, அழியும் ஆபத்தில் உள்ளதாகப் பட்டியலிடப்பட்ட இனம் அது. எங்கள் ஜன்னலில் பாண் எடுப்பது அந்த இனம்தான். பொலன்னறுவையில் 1968இலிருந்து வுல்ஃப்காங் டிட்டஸ் என்ற விஞ்ஞானி அவற்றைத் தலைமுறை தலைமுறையாகப் பார்த்து எழுதிவருகிறார், வெட்டாமல்.

அந்த ஸ்லைடைப் போட்டுப் பழகியபோது மாத்தளைக்காரி வாயைத் திறந்தாள். "நீங்கல்லாம் நல்லாத்தான் பேசுறீங்க. எங்க வீட்ல தென்னை அஞ்சு மரம். ஒரு குரும்பை மிஞ்சாது. அம்மா கறிக்குத் தேங்கா கடையில வாங்குறாங்க. அன்னைக்கு அந்த நியூஸ் வந்தப்ப அம்மா சாமிக்கு விளக்கு வச்சாங்க, தெரியுமா? எங்கயாவது கொண்டுபோகட்டும், என்னமோ செய்யட்டும்னு." பிறகு கொஞ்சம் இறங்கி, "அந்தப் படத்தை அம்மாவுக்குக் காட்டுனா அப்பவும் விளக்கு வைப்பாங்களான்னு எனக்குத் தெரியல" என்றாள். அவள் சொன்னதை அப்படியே ஸ்லைடில் போட்டோம். முதலாம் வருடத்தில் நாங்கள் கூரையைப் பார்த்துக் கத்தியதையும் போட்டோம்.

பிரசன்டேஷனில் முடிவுரை என்று ஒன்று எழுத முடியவில்லை. இரண்டு முடிவுரை இருந்தது. விசுவமடுக்காரி ஒன்றை வாசித்தாள்: மனிதனில் கேட்டுப் பெற முடியாத விடை, மனிதனின் வேதனையை நேரே குறைக்கும் விடை என்றால், நோவைக் குறைத்து, எண்ணிக்கையைக் குறைத்து, செய்யலாம். மன்னார்க்காரி மற்றதை வாசித்தாள்: எங்களைப்போல இருப்பதால்தான் குரங்கின் மூளை பயன்படுகிறது, எங்களைப்போல இருப்பதால்தான் அது செய்யக்கூடாததும். முதலாவது காரணத்தை ஏற்று இரண்டாவதைத் தள்ளுவதற்கு நியாயம் காட்டவேண்டியவர்கள் கத்தி வைத்திருப்பவர்கள். எங்களில் இரண்டு பேர் இரண்டுக்கும் தலையாட்டினோம். மெடம் "ஒரு குழுவுக்கு ஒரு நிலைப்பாடு இருக்கவேண்டும்" என்று புள்ளி குறைத்தார். கூண்டு வேறு, கத்தி வேறு என்ற பகுதி நல்லது என்றும் சொன்னார்.

ராமச்சந்திரனின் கண்ணாடி வைத்தியத்தைப் பற்றியும் பெரியப்பாவுக்குச் சொல்லியிருந்தோம். இருக்கிற கையைக் கண்ணாடிக்கு முன்னால் வைத்து, பிம்பத்தை இல்லாத கையாக நினைத்துப் பார்த்துக்கொண்டு, விரலை விரிப்பது. சிலருக்குக் குணம் தருகிறது, எல்லோருக்கும் இல்லை. அலுமாரிக் கண்ணாடியைக் கழற்றி ஒரு கிழமை செய்து பார்த்தாராம். முதல் நாள் இறுகிய விரல் விரிந்தது என்றார். நாலாம் நாள் ஒன்றும் நடக்கவில்லை என்றார். கிளிநொச்சியில் டொக்டரிடம் இந்த முறை நோவைப் பற்றிச் சொல்லியிருக்கிறார்.

போன கிழமை விசுவமடுக்காரிக்குக் கோல் எடுத்து, "அந்தக் குரங்கின்ர படம் கிடக்கோ? வட்ஸ்அப்பில அனுப்பு பிள்ளை, பெரியம்மா பாக்கோணுமாம்" என்று கேட்டாராம். தேடினோம். பில்லியின் படம் நல்லதாக ஒன்றும் அகப்படவில்லை. எங்களிடம் இருப்பது டொமிஷியனின் படம்தான், அந்தக் கை விரித்த படம். அதை இன்னும் அனுப்பவில்லை.